சிறுநீர்ப் பட்டி சொல்லாத செய்தி: அப்பாவின் சிறுநீரகப் பரிசோதனை

இலங்கையின் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்துக்கு அண்மையில் வயல் செய்துவரும் என் தந்தையாரை, நடமாடும் கிளினிக் ஒன்றில் சிறுநீரில் நிறம் மாறும் பரிசோதனைப் பட்டி வைத்துப் பார்த்து, புரதம் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆயினும் இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழும்புவதும் நாரி உளைவும் குறையாதபடியால், அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று குருதியில் கிரியற்றினினையும், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளையும், அளக்கும்படி கேட்டேன். அது கூடியிருந்தது. குறைந்தது மூன்று மாதங்கள் அப்படியே நீடித்தால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்லலாம் என்பதால், வைத்தியர் மீண்டும் வரச் சொன்னார். அந்தக் காத்திருப்பு எங்கள் வீட்டை உலுக்கிவிட்டது. இரண்டாம் முடிவும் மாறவில்லை. ஸ்கானில் சிறுநீரகங்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ அவருக்கு என்றுமே இருந்ததில்லை.

"ரி.எஸ்.பி. பசளையில இருக்கிற கட்மியத்தாலயோ, டொக்டர்?" என்று, வயலுக்கு இடும் பொசுபேற்றுப் பசளையில் கலந்திருக்கும் நச்சு உலோகத்தைப் பற்றி அப்பாவே கேட்டார்.

வைத்தியர் பொறுமையாக விளக்கினார். பொசுபேற்றுப் பாறையோடு பசளைக்குள் வரும் கட்மியம், சோற்றின் வழியாகவும் புகையிலையின் வழியாகவும் உடலில் சேர்ந்து சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறது; அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். முதலில் பழுதாவது சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் என்பதால் பீற்றா-2 மைக்ரோகுளோபியுலின் போன்ற சிறிய புரதங்களே ஆரம்பத்தில் கசிகின்றன. பட்டியோ பெரும்பாலும் அல்புமின் என்ற பெரிய புரதத்தைத்தான் காட்டும். யப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு வயல்களில் கலந்து உண்டான, எலும்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும் இத்தாய்-இத்தாய் நோய்க்குக் கட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 2013இல் வெளியான ஆய்வொன்று, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயுள்ளவர்களின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருந்ததாகக் கூறியபோதும், வேறு ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தாமையால், கடின நீர், புளோரைட்டு, வெயிலில் நீரிழப்பு ஆகியவற்றையும் சேர்த்தே ஆராய்கிறார்கள். ஆகவே அப்பாவின் கோவையில் 'காரணம் தெரியாதது' என்றே எழுதப்பட்டது. அது எனக்கு வேதனையாக இருந்தது. எனினும் நேர்மையான பதில் அதுவே என்று நினைக்கிறேன்.

சேர்ந்துவிட்ட கட்மியத்தைச் சிறுநீரகத்திலிருந்து பாதுகாப்பாக வெளியேற்ற நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. நாரி உளைவுக்காக அவர் கடையில் வாங்கிப் போட்டுவந்த, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் என்ற வலி குளிசையைத்தான் வைத்தியர் முதலில் நிறுத்தினார், அடுத்து சுருட்டு. இரும்புச் சத்துக் குறைந்தால் குடல் கட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் அதையும் பரிசோதித்தார்கள். கிணற்று நீரில் கட்மியம், உலக சுகாதார நிறுவனம் கூறும் லீற்றருக்கு 3 மைக்ரோகிராம் என்ற எல்லைக்குள்ளேயே இருந்தது. கடினத்தன்மையும் புளோரைட்டும்தான் கூட. கொதிக்க வைப்பதால் புளோரைட்டு நீங்காது என்பதால் குடிப்பதற்கும் சமையலுக்கும் ஆர்.ஓ. தண்ணீருக்கு, அதாவது மென்சவ்வினூடாக அழுத்தி வடிகட்டிய நீருக்கு, மாறினோம்.

அயலில் வயல் செய்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பட்டியோடு அனுப்பினால் கிரியற்றினினையும் கேளுங்கள், அந்த இலக்கத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க வைத்தியருக்கு அது வேண்டும்.