கிரேட்டிங் பிராக்டிகல்: யானைமலையில் தொடங்கி மஞ்சள் கோடு வரை

மதுரைப் பக்கம் பி.எஸ்சி. இயற்பியல் படிப்பவர்கள் பிராக்டிகலில் பயப்படுவது ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத்தான். நெருக்கமாகக் கோடு போட்ட தகடான கிரேட்டிங்கை அதில் வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியின் அலைநீளத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பிராக்டிகல். பலமுறை செய்து பார்த்ததில் தெரிந்தது: கணக்கு இரண்டே வரி, நேரத்தை விழுங்குவது அட்ஜஸ்ட்மென்ட்.

லேபுக்குள் போனதும் சோடியம் விளக்கைப் போட்டுவிடுங்கள். உள்ளே நியான் இருப்பதால் முதலில் சிவப்பாகத்தான் எரியும்; சோடியம் ஆவியாகி முழு மஞ்சளுக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். மெர்குரி விளக்கு என்றால் நடுவில் அணைக்கவே கூடாது. சூடு ஆறினால்தான் மறுபடி பற்றும்.

குறுக்குக்கம்பி கூர்மையாகத் தெரியும்படி ஐபீஸை வைத்த பிறகு, டெலஸ்கோப்பை ஜன்னல் வழியே தூரத்துக்குத் திருப்புங்கள். எதிர்க் கட்டடம் போதாது. ஒத்தக்கடைப் பக்கத்து லேபுக்கு யானைமலையின் பாறை விளிம்பைவிட நல்ல அடையாளம் கிடையாது. தலையை லேசாக அசைக்கும்போது விளிம்பும் கம்பியும் ஒட்டியே இருக்க வேண்டும். அதன்பின் அந்த ஃபோகஸைத் தொடாதீர்கள். ஒளி நுழையும் குறுகிய பிளவான ஸ்லிட் மங்கலாக இருந்தால், அந்த ஒளியை இணைக்கற்றையாக்கும் குழாயான கொலிமேட்டரைத்தான் திருக வேண்டும்.

ஸ்பெக்ட்ரோமீட்டரின் நடுவே உள்ள மேடையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, கிரேட்டிங்கை ஓரம் பிடித்து வையுங்கள். கோடு போட்ட பரப்பில் விரல் பட்டால் பட்டதுதான், துடைத்தால் இன்னும் கெடும். ஒளி அதில் செங்குத்தாக விழ வேண்டும். கொலிமேட்டருக்கு நேராகத் தெரியும் ஸ்லிட்டின் நேர் பிம்பத்தின் ரீடிங்கிலிருந்து டெலஸ்கோப்பை 90 டிகிரி திருப்பிப் பூட்டுங்கள். கிரேட்டிங்கில் பட்டுத் திரும்பும் ஸ்லிட் பிம்பம் கம்பியில் விழும்வரை மேடையைச் சுழற்றி, அங்கிருந்து 45 டிகிரி திருப்புங்கள். நிறையப் பேர் இந்த 45-ஐ எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறார்கள். கிரேட்டிங் ஒளிக்கு இணையாக நின்று, கோடே தெரியாது. சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு: நேர் பிம்பத்திலிருந்து இடது, வலது கோணங்கள் ஒன்றாக வர வேண்டும். 1 டிகிரி பிசகியிருந்தால்கூட 8 நிமிட (1 டிகிரி = 60 நிமிடம்) வித்தியாசம் காட்டிவிடும்.

ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்க முடிந்த மிகச் சிறிய கோணம், அதாவது மீச்சிற்றளவு, 1 நிமிடம். பிரதான அளவுகோலில் அரை டிகிரிக் கோட்டைக் கவனிக்காமல் விட்டால் அந்த வெர்னியரில் (துணை அளவுகோலில்) ரீடிங் 30 நிமிடம் பிசகும்; இடது, வலது ரீடிங்குகளின் வித்தியாசத்தில் பாதிதான் கோணம் என்பதால் அது 15 நிமிடம் மாறி, விடை 70 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தள்ளிப் போகும். 360-ஐத் தாண்டி மறுபடி 0-விலிருந்து தொடங்கும் ரீடிங்குக்கு 360-ஐக் கூட்ட மறக்காதீர்கள். இஞ்சுக்கு 15,000 கோடு உள்ள கிரேட்டிங்கில், அதாவது மீட்டருக்கு 5,90,551, நேர் பிம்பத்தை அடுத்து முதலில் தெரியும் கோட்டின் கோணம், அதாவது முதல் வரிசைக் கோணம், 20 டிகிரி 22 நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். அந்தக் கோணத்தின் சைனை மீட்டருக்கான கோட்டு எண்ணிக்கையால் வகுத்தால் 5,893 ஆங்ஸ்ட்ராம்.

வாய்மொழித் தேர்வான வைவாவில் ‘இது இயற்பியலில் எந்தப் பிரிவு?’ என்று கேட்டால் ஒளியியலோடு நிறுத்தாதீர்கள். ஒளி ஏன் வளைந்து கோடாகிறது என்பதுதான் ஒளியியல். சோடியம் ஏன் இந்த மஞ்சளைத் தருகிறது என்பது அணு இயற்பியல். அது ஏன் 5,890, 5,896 என்று இரட்டையாக வருகிறது என்றால் எலக்ட்ரானின் ஸ்பின் (தற்சுழற்சி) வரை, குவாண்டம் இயக்கவியலுக்குள் போயாக வேண்டும். நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் இப்படித்தான் சூரிய ஒளியைக் கோடுகளாகப் பிரித்தார். கரும்புள்ளி ஓரத்தில் கோடுகள் சற்றே நகர்ந்திருந்ததை வைத்து, அங்கே வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். அது வானியற்பியல்.

ரீடிங் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் ஸ்லிட்டை நன்றாகக் குறுக்கிக்கொண்டு 44 டிகிரிப் பக்கம், இரண்டாம் வரிசைக்குப் போங்கள். முதல் வரிசையில் 1.3 நிமிட இடைவெளியில் ஒட்டிக் கிடந்த இரட்டைக் கோடு, அங்கே 3.4 நிமிடம் விலகித் தனித்தனியாகத் தெரியும்.