தொகுதி இருந்தது, பகுதி இல்லை: போக்கர் குறிப்பேட்டின் பன்னிரண்டு வாரம்

சென்ற வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, ‘பாட்’ எனப்படும் நடுப் பந்தயப் பணத்தில் 18 வெள்ளி சேர்ந்திருந்த நிலையில், எதிரே அமர்ந்திருந்த கப்பல்காரர் ரிவர் எனப்படும் கடைசிப் பொதுச் சீட்டு விழுந்ததும் 12 வெள்ளியை முன்னே தள்ளினார். என்னிடம் இருந்ததோ இரண்டாவது ஜோடி என்ற சுமாரான சீட்டு மட்டும். ஆனால் என் குறிப்பேட்டில் அவருடைய பக்கத்தில், ரிவரில் அவர் வைத்த 11 பந்தயங்களில் 7 பிளஃப் (வெற்றுச் சீட்டை வைத்து மிரட்டல்) என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்ததால், அரை நொடிகூடத் தயங்காமல் நானும் 12 வெள்ளி வைத்து ‘கால்’ செய்தேன். அவர் மூன்று ராணிகளும் இரண்டு ஒன்பதுகளும் கொண்ட ஃபுல் ஹவுஸைத் திருப்பி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து அனுதாபத்தோடு சிரித்தார். போன பணத்தை விட அந்தச் சிரிப்புதான் வலித்தது. தொழிலில் நான் தரப் பரிசோதகன். மாதிரி எடுக்கும் முறையில் குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன்.

எங்களுடையது சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாப்பாட்டு மேசையில் வாரம் ஒரு முறை நடக்கும் ஏழு பேர் ஆட்டம். பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ லிமிட் ஹோல்டெம், சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் 20 காசும் 40 காசும். 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் உறவினரும் நண்பரும் தமக்குள் ஆடுவதற்கு இடம் கொடுக்கிறது. ஆட்டத்தை நடத்துகிறவர் அதில் லாபம் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டுக்காரருக்கு லாபம் இல்லை, முறுக்குச் செலவுதான். குறிப்பேடு வைத்திருப்பதை முதல் வாரமே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கையில் சீட்டு இருக்கும்போது அதைத் தொடுவதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட விதி.

கணினியில் ஆடுகிறவர்களுக்கு யார் எத்தனை கையில் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) பணம் வைத்து நுழைந்தார், எத்தனையில் ரெய்ஸ் செய்தார், அதாவது பந்தயத்தை உயர்த்தினார் என்பதை மென்பொருளே எண்ணிக் கொடுத்துவிடும். மேசையில் எண்ணுவதற்கு மனிதன்தான் உண்டு. அதிலும் நாங்களே கலைத்து, நாங்களே போட்டு, நடுவில் அரட்டையும் அடிப்பதால் மணிக்கு இருபது கைகளைத் தாண்டுவதில்லை. மூன்றரை மணி நேரத்தில் எழுபது கை, அதாவது சீட்டுப் போடுகிறவரைக் காட்டும் டீலர் பட்டன் மேசையைப் பத்து முறை சுற்றி வரும். இந்தப் ‘பத்துச் சுற்று’ என்ற எண்ணைப் பிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதற்கு முன்பு நான் எழுதியதெல்லாம் “மாமா நிறைய ஆடுகிறார்”, “மருந்தாளர் இறுக்கம்” என்பது போன்ற, நோட்டு இல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த செய்திகள்தான்.

நான் உண்மையில் போராடியது எண்ணும் கருவியோடுதான். முதலில் கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். திரை வெளிச்சம் முகத்தில் விழுந்ததுமே பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தார். அதோடு ஒவ்வொரு முறை திரையைப் பார்க்கும்போதும் மேசையில் நடப்பதில் ஒன்றைத் தவறவிட்டேன். மனக்கணக்கு மூன்றாவது சுற்றோடு சரிந்தது. அடுத்து என் சில்லுகளையே பயன்படுத்தினேன்: கவனிக்கும் ஆள் கையில் நுழைந்தால் பின்வரிசையிலிருந்து ஒரு வெள்ளைச் சில்லை முன்வரிசைக்கு நகர்த்துவேன். இரண்டு வாரம் அருமையாக ஓடிய இந்த முறை, மூன்றாம் வாரம் நான் இருந்த சில்லையெல்லாம் வைத்து ஆல் இன் போனபோது மாமாவின் அன்றைய முழுக் கணக்கையும் சேர்த்துப் பாட்டுக்குள் தள்ளிவிட்டதோடு முடிவுக்கு வந்தது. அந்தக் கையில் நான் வென்றேன். கணக்கு திரும்பவில்லை.

கடைசியில் கைகொடுத்தது புளியங்கொட்டை. தாயக்கட்டைக்குப் பதிலாகக் கொட்டையை ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கி ஆடியவர்களுக்கு இந்த உபாயம் உடனே புரியும்: உரசிய கொட்டையின் ஒரு பக்கம் தட்டையாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும், உரசாத கொட்டை இரு பக்கமும் வழவழப்பாகவும் இருப்பதால், பார்க்காமலே விரலால் பிரித்தறியலாம். மடியில் ஒரு சுருக்குப் பை. தொடைப் பக்கம் பை வைத்த கால்சட்டை. முதல் ஆள் கால் செய்து நுழைந்தால் உரசாத கொட்டை ஒன்று வலப் பைக்குப் போகும். ரெய்ஸ் செய்து நுழைந்தால் உரசிய கொட்டை. இரண்டாவது ஆளுக்கு இடப் பை. பட்டன் என்னிடம் வரும்போது, நான் போட்ட கை முடிந்ததும், நோட்டில் ஒரு கோடு. ஒரு கொட்டையை மாற்ற ஒரு நொடிக்கு மேல் ஆவதில்லை. கண்கள் மேசையை விட்டு நகர்வதும் இல்லை.

கொட்டை கிடைப்பதுதான் இங்கே சிரமமாக இருந்தது, ஏனென்றால் கடைகளில் பெரும்பாலும் கொட்டை நீக்கிய புளிதான் விற்கிறார்கள். தேக்கா சந்தையில் கேட்டு அலைந்துதான் கொட்டைப்புளி வாங்கினேன். ரசத்துக்கு மூன்று மாதம் கவலை இல்லை. வீட்டுக்கு வெளியே நடைபாதைச் சிமெண்டில் உட்கார்ந்து உரசிக்கொண்டிருந்தபோது, சூடேறிய கொட்டையை என் மகளின் கையில் வைத்துப் பள்ளிக்கால விளையாட்டைக் காட்டப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. மேசையில் முதல் வாரமே சத்தம் கேட்டு மாமா, “மாப்பிள்ளை, பையிலே என்ன, பல்லாங்குழிக்குக் கிளம்பிட்டீங்களா?” என்று கேட்டார். மறுவாரம் பைகளுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்தேன், சத்தம் நின்றது.

ஆறு பேரையும் ஒரே இரவில் எண்ண முடியாது என்பதை ஒப்புக்கொண்டதுதான் உண்மையான முன்னேற்றம். கொட்டைக்கு மாறிய பிறகு இரவுக்கு இருவர், மூன்று வாரத்தில் ஆறு பேர், பன்னிரண்டு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு இரவு. இதில் பிக் பிளைண்டை (40 காசு வைக்கும் இடத்தை) என்ன செய்வது என்று நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் இருப்பவர் பணத்தை ஏற்கெனவே வைத்துவிட்டதால், யாரும் ரெய்ஸ் செய்யாதபோது இலவசமாகவே ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்க்கிறார். அதை ‘நுழைந்தார்’ என்று எழுதினால் எல்லாரும் துணிச்சல்காரர்களாகத் தெரிவார்கள். வழக்கமான கணக்கில் அந்தக் கையும் பகுதியில் நிற்கும், இலவசமாகப் பார்த்தது மட்டும் தொகுதியில் ஏறாது. எனக்கு நடுவில் முடிவெடுக்க நேரம் இல்லாததால் பிக் பிளைண்ட் கையையே தூக்கிவிட்டேன்; சுற்றுக்கு ஏழு கை என்பது ஆறு வாய்ப்பானது. ஸ்மால் பிளைண்ட் பாதி விலையில் நுழைகிறது, அதையும் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். பிரிக்கட்டும், ஆனால் அவருக்கு மூன்றாவது வகைக் கொட்டை தேவைப்படும். யாராவது தொலைபேசி வந்து எழுந்து போனால், அவர் தவறவிட்ட கைகளைச் சுற்றுக் கோட்டின் அருகே தமிழ் எண்ணில் ௧, ௨ என்று எழுதிக் கழித்துக்கொள்கிறேன். தமிழ் எண்ணை மேசையில் வேறு எவரும் சட்டென்று படிப்பதில்லை. இரகசியக் குறியீடு எதுவும் நான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

பலன் என்னவென்றால், முதல் இரவில் மருந்தாளர் 60 வாய்ப்பில் 9 முறை நுழைந்தார். 15 சதவீதம், கஞ்சன் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். நான்கு இரவு முடிந்தபோது 240 வாய்ப்பில் 58, அதாவது 24 சதவீதம். சாதாரண, நல்ல ஆட்டக்காரர். அறுபது வாய்ப்பில் கிடைத்த 15 சதவீதத்துக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 9 புள்ளி தவறு இருக்கலாம் என்பதை என் அலுவலக மேசையில் உட்கார்ந்திருந்தால் கேட்டவுடன் சொல்லியிருப்பேன். 240 வாய்ப்பிலும் அந்தத் தவறு ஏறக்குறைய ஐந்தரைப் புள்ளி இருக்கிறது. மாமா 240-இல் 151. அவருக்கு எந்தத் தவறு வரம்பும் தேவையில்லை.

இப்போது கப்பல்காரருக்கு வருகிறேன். நுழைவுக் கணக்கில் இத்தனை கவனமாக இருந்த நான், ரிவர் பந்தயங்களை மட்டும் பழைய முறையிலேயே, சீட்டைக் கண்ணால் பார்த்தபோதெல்லாம் எழுதி வந்திருக்கிறேன். சனிக்கிழமை காலை அந்த 11 பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவற்றில் 5 பதிவுகளில் யாரும் கால் செய்யவே இல்லை. எல்லாரும் ஃபோல்டு செய்த (சீட்டைப் போட்டுவிட்டு விலகிய) பிறகு, ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சியில் அவரே வெற்றுச் சீட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். ஐந்தும் பிளஃப். உண்மையிலேயே பெரிய சீட்டு வைத்திருந்து எல்லாரும் ஃபோல்டு செய்த நாட்களில் அவர் காட்டுவதில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு கட்டுக்குள் தள்ளிவிடுவார், நானும் எழுதியதில்லை. ஆகவே என் நோட்டு அவருடைய ஆட்டத்தை அளக்கவில்லை. எதைக் காட்ட அவருக்குப் பிடிக்கும் என்பதைத்தான் அளந்திருக்கிறது.

அந்த ஐந்தையும் எடுத்துவிட்டால், யாரோ ஒருவர் பணம் கொடுத்துப் பார்த்த 6 பந்தயங்கள் மிஞ்சுகின்றன. அவற்றில் பிளஃப் 2, மெய்ச் சீட்டு 4. 18 வெள்ளிப் பாட்டில் 12 வெள்ளிக்குக் கால் செய்ய, மொத்தம் 42-இல் என் பங்கு 12, ஆகவே நூற்றுக்கு 29 முறை அவர் பிளஃப் செய்தால் போதும். ஆறில் இரண்டு என்பது 33. ஆறு பதிவை வைத்து யார் நம்புவார்கள் என்று, எங்கள் மேசையின் பொதுப் பழக்கமாக நான் மதிப்பிடும் ‘பத்தில் மூன்று’ என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்தால் பதினாறில் ஐந்து, 31 சதவீதம் வருகிறது. இதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டுகிறது: கால் செய்தது அப்படியொன்றும் முட்டாள்தனம் இல்லை, மயிரிழையில் சரியானதுகூட, ஆனால் 64 சதவீதம் என்று நம்பிச் செய்தேன். அரை நிமிடம் யோசித்து, ராணி மேசையில் விழுந்ததும் அவர் பந்தயத்தை ஏற்றிய விதத்தைப் பார்த்திருந்தால் ஃபோல்டு செய்திருப்பேன்.

உடல் அசைவுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமா நல்ல சீட்டு வந்தால் பந்தயம் வைப்பதற்கு முன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைப்பார் என்று கண்டுபிடித்து, ஒன்பதில் எட்டு முறை சரியாக வந்ததாகப் பெருமையோடு எழுதியிருக்கிறேன். சீட்டே பார்க்காதபோதும் எத்தனை முறை தள்ளி வைக்கிறார் என்று ஒரு இரவு முழுவதும் எண்ணினேன். தேநீர் தீர்ந்தாலே தள்ளி வைக்கிறார், அவரோ எப்போதும் ஆட்டத்தில் இருக்கிறார். பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, கோடு போட்டு அடித்துவிட்டேன். 2013-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், உலகப் போக்கர் தொடரின் காட்சித் துண்டுகளைப் பார்த்தவர்கள், ஆட்டக்காரர்களின் முகத்தை வைத்துச் சீட்டின் தரத்தை ஊகிக்க முடியாமல், சில்லைத் தள்ளும் கையசைவை வைத்து ஓரளவு ஊகித்தார்கள். அதனால் கப்பல்காரரின் முகத்தை விட்டுவிட்டு, சில்லை ஒரே வீச்சில் தள்ளுகிறாரா, நிறுத்தி நிறுத்தித் தள்ளுகிறாரா என்பதை மட்டும் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை மூன்று பதிவு. மூன்றைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்.

குறிப்பேடு ஏ7 அளவு, 74-க்கு 105 மில்லிமீட்டர், பிராஸ் பாசா வளாகத்தில் ஒரு எழுதுபொருள் கடையில் கட்டாக வாங்கினேன். சட்டைப் பையில் நிற்கும், கட்டம் போட்ட தாள். சில்லு விஷயத்தில்தான் ஏமாந்தேன்: இணையத்தில் ஒருவரிடம் 14 கிராம் என்று நம்பி வாங்கியது 11.5 கிராமாக வந்தது, திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார். கேசினோச் சில்லே சுமார் 10 கிராம்தான் என்பதால் ஆட்டத்துக்கு எந்தக் குறையும் இல்லை, கோபம் மட்டும் மிச்சம். காகிதச் சீட்டின் மூலைகள் முறுக்கு எண்ணெயில் ஊறிப்போனதால் அடுத்த மாதம் முழுப் பிளாஸ்டிக் சீட்டுக்கு மாறப்போகிறோம். கோபாக் வாங்குவதா கெம் வாங்குவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

கப்பல்காரரின் பக்கத்தை இப்போது மூன்று பத்தியாகப் பிரித்திருக்கிறேன்: கால் செய்து பார்த்தது, அவராகக் காட்டியது, காட்டாமல் கட்டில் போட்டது. மூன்றாவது பத்தி முழுவதும் காலியாக இருக்கிறது. அதை நிரப்புவதற்காக வரும் வெள்ளிக்கிழமை இருவர் என்ற விதியைத் தளர்த்தி, அவர் ஒருவரை மட்டும் எண்ணப் போகிறேன். வலப் பை நுழைவுக்கு, இடப் பை ரிவர் பந்தயத்துக்கு. இன்று மாலை இன்னும் இருபது கொட்டை உரச வேண்டும்.