கார்த்திகை முதல் மாசி வரை காரைக்குடி: வெளிநாட்டில் வாழும் ஆண் இணையருக்கு

வேலை ஓய்ந்தபின் வருஷத்தில் நான்கு மாதம் செட்டிநாட்டில் இருக்க நினைக்கும் ஆண் இணையர், கார்த்திகை பிறந்ததும் வந்து மாசி முடியும்போது கிளம்புவது நல்லது. ஐப்பசி அடைமழை கொஞ்சம் ஓய்ந்திருக்கும், பங்குனி வெயில் இன்னும் ஏறியிருக்காது. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலும் இதற்குள் வந்துவிடும். மதுரை, திருச்சி இரண்டு விமான நிலையங்களும் காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்கு, அதாவது மூன்று வருஷத் தவணை வேலைக்கு, ஆண்கள் போய்வந்த சீமை இது. அங்கே கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கியில் ஆண்கள் மட்டும் சேர்ந்து சமைத்துத் தங்கித் தொழில் பார்த்த கதை இங்கே பல வீடுகளில் உண்டு. அதனால் வயதான இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் குடியிருந்தால் யாரும் அதிசயப்படுவதில்லை. "வீட்ல பொம்பளையாளுக வரலையா?" என்று சமைக்க வரும் ஆச்சி முதல் வாரத்தில் கேட்பார். "இல்ல ஆச்சி, நாங்க ரெண்டு பேருந்தான்" என்பது போதுமான பதில். அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். சங்கடம் வருவது மனிதர்களால் அல்ல, காகிதங்களால்.

உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதித் தீர்ப்புக்குப் பிறகு ஆண்கள் இருவர் இணையராக வாழ்வது குற்றமில்லை. ஆனால் 2023 அக்டோபர் 17-ஆம் தேதித் தீர்ப்பில் அதே நீதிமன்றம் ஒரே பாலினத்தவருக்குத் திருமண உரிமை தர மறுத்துவிட்டது. வெளிநாட்டில் பதிந்த திருமணச் சான்றிதழைக் காட்டி, துணை என்ற முறையில் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கும் அவர் துணைக்கும் தரும் வாழ்நாள் விசா அட்டை) வாங்க வழியில்லை. இருவரும் இந்திய வம்சாவளி என்றால் அவரவர் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் வெள்ளைக்காரரோ சீனரோ என்றால் அவருக்குச் சுற்றுலா விசாதான். அதில் காலண்டர் வருஷத்துக்கு மொத்தம் 180 நாள் வரைதான் தங்கலாம். ஒரு தடவைக்கு எத்தனை நாள் என்பதை விசாவில் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அந்தத் தகவலை இணையத்தில் பதிய வேண்டும். காரைக்குடி வீட்டுக்காரர்கள் பலருக்கு இது பழக்கமில்லை. கூடவே உட்கார்ந்து பதிந்துவிட்டு, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கும்போது பெரிய வளவு வீடுகளில் (முற்றம் வைத்துக் கட்டிய பழைய கூட்டுக்குடும்ப வீடுகள்) மயங்கிவிட வேண்டாம். சாவி ஒருவரிடம் இருக்கும், பங்கு பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, இருக்கும். சாவிக்காரர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாடகை ஒப்பந்தத்தை இன்னொரு பங்காளி வந்து கேள்வி கேட்டால் பதில் இல்லை. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று வந்தால் முகப்பும் இரண்டாம் கட்டும் அவர்களுக்கு வேண்டும். தை மாதத்தில் அதை மறுக்கவும் முடியாது. காரைக்குடிக்குள் செக்காலை, சுப்பிரமணியபுரம் பக்கம் ஒரே பெயரில் பத்திரமும் வரி ரசீதும் உள்ள சின்ன வீடு இதைவிட நிம்மதி. ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்து அவர் காலமாகிவிட்டால், மற்றவர் அந்த வீட்டில் அந்நியர். 2017-ஆம் வருஷத் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும். வேறு மாதிரிப் பேசியிருந்தால் ஒழிய முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீடு என்றால் குளியலறை வாசலை நன்றாகப் பாருங்கள். தேய்ந்து மெருகேறிய கல்லில் ஈரம் பட்டால் வழுக்கும். அறுபது வயதுக்கு மேல் அது சின்ன விஷயமில்லை. சொரசொரப்பான மிதியடி ஒன்று போதும். வேலைக்கு வருபவரிடம் ஆசிட் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கண்ணாடித் தட்டில் நிறக்கலவையை ஊற்றி வார்த்த சிமென்ட் கல் அது. ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்துப் போகும், பிறகு எதைத் தேய்த்தாலும் அந்த வெளிறல் மாறாது.

பலரும் கவனிக்காமல் விடுவது வருமான வரி. ஒரு நிதியாண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு வருஷத்தில் 365 நாளும் இங்கே இருந்த வெளிநாட்டவர், வரிக் கணக்கில் இங்கே வசிப்பவர். வருஷம் 120 நாள் வீதம் வந்தால் நான்கு வருஷத்தில் 480 நாள். ஐந்தாவது வருஷம் அந்த வலையில் விழுந்துவிடுவார். ஏழாவது வருஷம் வரை 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற சலுகை தாங்கும். அதன்படி வெளிநாட்டிலேயே கைக்கு வந்த ஓய்வூதியத்துக்கு இங்கே வரியில்லை. எட்டாவது வருஷம் உலக வருமானம் முழுவதும் கணக்கில் வந்துவிடும். அவர் வருஷத்துக்கு 104 நாளோடு நிறுத்திக்கொண்டால் ஏழு வருஷத்தில் 728 நாள்தான். வரம்பு 729 என்பதால் சலுகை நீடிக்கும். 91 நாள் என்றால் நான்கு வருஷத்துக்கு 364, பிரச்சினையே இல்லை. இந்திய வம்சாவளித் துணைக்கு அந்த 60 நாள் என்பது 182 ஆகும். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 120. வரும் நாள், போகும் நாள் இரண்டையும் எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. நாள் கணக்கைக் குறைக்க, ஒருவர் முன்னால் வந்து வீட்டைத் திறக்க, மற்றவர் மூன்று வாரம் கழித்து வருவதில் தவறில்லை.

மருத்துவமனையில் "நீங்க என்ன உறவு?" என்ற கேள்விக்குக் கையில் தாள் வேண்டும். மீள முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை 2023-இல் உச்ச நீதிமன்றம் எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். சுயநினைவு இல்லாதபோது முடிவெடுக்கும் ஆளாகத் துணையின் பெயரை அதில் எழுதலாம். பவர் பத்திரம் இதற்கு மாற்று ஆகாது. எழுதியவர் காலமானதும் அதற்கு உயிர் போய்விடும். வங்கிக் கணக்கில் துணையை நாமினியாகப் போடத் தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நிதியமைச்சகமே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் நாமினி பணத்தை வாங்கித் தருபவர்தான், வாரிசு அல்ல. உயில் எழுதாமல் விட்டால் சட்டம் அண்ணன், தம்பி, அவர்கள் பிள்ளைகள் என்று தேடிப் போகுமே தவிர, நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரைத் திரும்பிப் பார்க்காது.

கிளம்பும் முன் காவலுக்கு ஆள் பேசுங்கள். பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்வது இங்கே தலைமுறைத் தொழில் என்பதால் ஆள் கிடைப்பார். வாரம் ஒருமுறை கதவு, சன்னல் திறந்து காற்றாட விட வேண்டும், நிலைக்காலின் அடியில் கரையான் மண் தெரிகிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும், ஓடு விலகியிருந்தால் ஆவணிக்குள் மாற்ற வேண்டும். மூன்றையும் சொல்லி, மாதம் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கட்டத் தவறினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.