ஆன் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்

மே 4

'அகாகே நோ ஆன்' அனிமேஷன் தொடரை மறுபடி பார்க்கிறேன். 1979-இல் ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் வந்தது, 50 பகுதிகள், இயக்கம் ஈசாவோ தகாஹாதா. மூலம் எல். எம். மான்ட்கோமரியின் 1908 நாவல் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்'. கதை நடப்பது கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில்.

அனாதைச் சிறுமி ஆன், தன்னை வளர்க்கப்போகும் மேத்யூவின் குதிரை வண்டியில் ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை. பூத்த ஆப்பிள் மரங்களுக்கு நடுவே போகும்போது மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. அவள் மனசுக்குள் ஓடுவதைத் திரை முழுக்கப் பூவாக வரைந்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்கும் குளத்துக்கும் அன்றே புதுப் பெயர் வைத்துவிடுகிறாள். இந்தப் பெண் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

மே 11

கதைக் கழகம் தொடங்கிவிட்டாள். கூட தோழிகள் டயானா, ஜேன், ரூபி. ரூபி எழுதினால் ஒரே காதல். டயானா கதையில் கொலை மேல் கொலை. பாத்திரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கொன்றுவிடுகிறாள். ஆன் எழுதுவதோ கண்ணீரும் மரணமும். கதைகள் எப்படியோ இருக்கட்டும், எழுதும்போது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷம்!

மே 18

இன்று பார்த்தது மனசைப் பிசைந்தது. கழகம் இப்போது இல்லை. குவீன்ஸ் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கவே நேரம் போதவில்லை, அதோடு எல்லோருக்கும் சலித்தும்விட்டது. ஆசிரியை மிஸ் ஸ்டேசி, சொந்த ஊரில் நடக்கக்கூடியதை மட்டும் எழுதச் சொல்கிறார். உன் எழுத்தை நீயே கடுமையாக விமர்சித்துப் பழகு என்கிறார். அப்படிப் பார்க்கத் தொடங்கியதும் ஆனுக்குத் தன் எழுத்தெல்லாம் குறையாகத் தெரிகிறது, வெட்கமாக இருக்கிறது.

மிஸ் ஸ்டேசி நல்ல ஆசிரியை, சொன்னதும் சரிதான். ஆனால் அந்த வயதில் அதைக் கேட்ட பிறகு பழையபடி எழுத யாருக்குத் தைரியம் வரும்?

மே 19

மேத்யூவோடு சேர்ந்து ஆனை வளர்க்கும் அவர் தங்கை மரில்லாவைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். முன்பு 'பேச்சை நிறுத்து' என்று அதட்டிக்கொண்டே இருந்தவள். ஆன் தன்னைவிட உயரமாகிவிட்டதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வருகிறது. ஏன் இப்போதெல்லாம் பாதிகூடப் பேசுவதில்லை என்று அவளே கேட்கிறாள். நல்ல நினைவுகளை உள்ளேயே வைத்துக்கொள்வதுதான் பிடித்திருக்கிறது என்கிறாள் ஆன்.

பாத்திரங்களை வடிவமைத்த யோஷிஃபுமி கொண்டோ வரைந்த ஆனின் முகமும் கூடவே வளர்ந்துவிட்டது. பின்பாதியில் கற்பனைக் காட்சிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இதற்கென்று சோக இசை கிடையாது, யாரும் விளக்கம் சொல்வதும் இல்லை. தகாஹாதா மேல் எனக்குள்ள மரியாதைக்கு இதுதான் காரணம்.

மே 25

முடித்துவிட்டேன். சேமிப்பு இருந்த வங்கி திவாலான செய்தியோடு மேத்யூ போய்ச் சேர்கிறார். ஆன் மேற்படிப்புக்கான உதவித்தொகையை விட்டுவிட்டு, மரில்லாவுக்குத் துணையாக ஊரிலேயே ஆசிரியை ஆகிறாள். பக்குவம் என்று பலரும் பாராட்டுவார்கள், நானும்தான். ஆனாலும் குளத்துக்குப் பெயர் வைத்த சிறுமிக்காக நான் வருத்தப்படுகிறேன். அவளுடைய சின்ன வயதை வைத்து இந்தத் தொடரைத் தயாரித்த அதே நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 2009-இல் 39 பகுதிகள் எடுத்தது. அடுத்து அதுதான்.