எல்கேஜி எங்க இருக்கோ அங்கதான் பிள்ளை போகும்

ஆர்டிஇ சீட், அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் ஸ்கூல் ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்குற இலவச சீட் பத்தி, ஒவ்வொரு மே மாசமும் தமிழ்நாட்டுல சண்டை நடக்கும், அரசாங்கப் பணத்தைத் தூக்கி தனியார் ஸ்கூலுக்கு ஏன் கொடுக்கணும்னு ஒரு கூட்டம், ஏழை வீட்டுப் பிள்ளை அங்க படிச்சா உங்களுக்கு என்னன்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பேருமே எல்கேஜி பத்திப் பேச மாட்டேங்கிறாங்க, எனக்கு அதான் ஆதங்கம்.

2009ல வந்த அந்தச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும்தான். ஆனா தனியார் ஸ்கூல்ல எல்கேஜி இருந்தா அங்க இருந்தே 25 சதவீதம் சீட் கொடுக்கணும்னு 12ஆம் பிரிவுல இருக்கு. நம்ம அரசுப் பள்ளி பெரும்பாலும் ஒண்ணாங்கிளாஸ்லதான் ஆரம்பிக்குது. அப்போ மூணரை வயசுப் பிள்ளையை வச்சிருக்கிற அம்மா என்ன பண்ணுவாங்க? எங்க தெருவுல தையல் வேலை பாக்குற அக்கா வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துல ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னாங்க, வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ இருக்கணும், வீடு ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், எல்லாம் இருந்தும் விண்ணப்பம் அதிகமா வந்தா குலுக்கல்தான். "நம்ம கவர்மென்ட் ஸ்கூல்லயே எல்கேஜி இருந்தா நான் எதுக்குப்பா இங்க வந்து நிக்கப் போறேன்"னு கேட்டாங்க. எல்கேஜியில ஒரு இடத்துல சேத்த பிள்ளையை ஒண்ணாங்கிளாஸுக்கு வேற ஸ்கூலுக்கு யார் மாத்துவா?

சீட் கிடைச்சாலும் எட்டாங்கிளாஸ் வரைக்கும்தான், ஒன்பதாவதுக்கு முழு ஃபீஸையும் வீட்ல இருந்துதான் கட்டணும். இதுல மத்திய அரசு, மாநில அரசு சண்டை வேற. மத்திய அரசோட பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துல தமிழ்நாடு சேராத விவகாரத்துல, ஆர்டிஇ பணமும் சேர்ந்து வர்ற சமக்ர சிக்ஷாங்கிற மத்திய கல்வி நிதி நின்னு போச்சு, 2025ல மே மாசம் தொடங்க வேண்டிய ஆர்டிஇ சேர்க்கை அக்டோபர்லதான் தொடங்குச்சு, அதுக்குள்ள ஸ்கூல் தொறந்து நாலு மாசம், நம்பிக் காத்திருந்த குடும்பங்க பாடு என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதுக்காக ஆர்டிஇயை நிறுத்துன்னு நான் சொல்லல. பக்கத்துல அரசுப் பள்ளி இருந்தா தனியார் ஸ்கூல் சீட் தர வேண்டாம்னு மகாராஷ்டிரா 2024ல விதியை மாத்துச்சு, மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு, சரியாத்தான் பண்ணாங்க. இருக்குற ஒரு வழியையும் அடைச்சுட்டா அந்தப் பிள்ளைங்க எங்க போகும்?

2019ல நம்ம அரசாங்கம் நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்குற 2,381 அங்கன்வாடிகள்ல எல்கேஜி, யுகேஜி ஆரம்பிச்சது, ரொம்ப நல்ல விஷயம். ஆனா காலை உணவுத் திட்டம் 2023லயே 31,008 அரசுப் பள்ளிகளுக்குப் போயிடுச்சு. சோறு அத்தனை ஸ்கூலுக்குப் போய்ச் சேர முடியும்னா ஒரு எல்கேஜி டீச்சரும் போக முடியும்ல? ஆர்டிஇ பிள்ளைங்க ஃபீஸுக்காகத் தனியாருக்குத் திருப்பிக் கொடுக்குற பணத்தைத் தொடர்ந்து கொடுங்க, கூடவே இதுக்குன்னு தனியா பணம் ஒதுக்குங்க, ஒப்பந்தச் சம்பளத்துக்கு இல்லாம முறையான டீச்சரா போடுங்க.

எங்க ஊர் ஸ்கூல் மேலாண்மைக் குழு அடுத்த கூட்டத்துல எல்கேஜி வேணும்னு தீர்மானம் போடச் சொல்லிக் கேக்கப் போறோம், அந்த அக்காவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. உங்க ஊர்லயும் கேளுங்க.