குளிர் விட்டது, ஐஸ் இளகியது: பின்வளவு ரிங்க் நிலவரம்

கடுங்குளிர் போய்விட்டது. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் போன கிழமை இரவுகளில் மைனஸ் 20 வரை இறங்கியது. இந்தக் கிழமை தெற்கிலிருந்து ஒரு காற்று வந்து பகலில் 6 பாகை காட்டுகிறது, கூடவே மழை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அது பாதிச் சந்தோஷம்தான், ஏனென்றால் பின்வளவில் ஸ்கேற் பண்ணுவதற்காக நான் போட்ட 20 அடிக்கு 36 அடி ஐஸ் ரிங்க் ஒன்று தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஐஸைக் காலால் தடவிப் பார்த்தபோது, குளிர் நாட்களில் நான் மல்லுக்கட்டியும் வராத ஒரு மட்டம் வந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பலகை அடித்தது, தறப்பாள் விரித்தது, முதல் தண்ணீர் விட்டது எல்லாம் வழமைபோலத்தான், அதை விடுவோம். எங்கள் வளவு பின்வேலிப் பக்கம் சரிவு. வீட்டுப் பக்கம் 3 அங்குல ஐஸ் என்றால் வேலிப் பக்கம் 9 அங்குலம் போகிறது. ஐஸ் பிடித்தபின் மேற்பரப்பை வழுவழுப்பாக்குவதுதான் கதையே. அதற்கு ஓட்டைக் குழாயும் துவாயும் கொண்ட ஒரு கருவியை இழுத்துப் போய் மெல்லியதாய்த் தண்ணீர் பூச வேண்டும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மைனஸ் 20 என்றால் ரிங்க் போடுகிறவனுக்குக் கொண்டாட்டம் என்று நினைப்பார்கள். இல்லை. எனக்குப் பிடித்தது மைனஸ் 8க்கும் 12க்கும் இடைப்பட்ட, காற்றில்லாத இரவு. மைனஸ் 20இல் தண்ணீர் பரவுவதற்குள் உறைந்துவிடுகிறது. கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் தோசை மா பரவாமல் விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளுமே, அதே சங்கதி. ஒவ்வொரு முறை இழுத்துப் போகும்போதும் ஓரத்தில் ஒரு வரம்பு நிற்கும். அடுத்த இழுப்பு அந்த வரம்பில் முட்டி இன்னொரு வரம்பு கட்டும். வேலிப் பக்கத்து மூலையில் அப்படி நாலைந்து வரம்பு, விரல் மொத்தத்துக்கு. மகள் ஸ்கேற்றோடு அதில் ஏறி இறங்கி, "அப்பா, இது ரோட்டை விட மோசம்" என்றாள். ஹோஸ் பைப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு நிமிடம் தண்ணீரை நிறுத்தினால் வாயில் ஐஸ் அடைத்துவிடும், அதைச் சுருட்டி பேஸ்மன்ற்றுக்குள் கொண்டுபோய்க் குளியல் தொட்டியில் போட வேண்டும்.

இங்கே இழுக்கும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் வேண்டும். ஒரு அங்குல பிளாஸ்ரிக் குழாய், 4 அடி நீளம், இரு முனையும் மூடி, நடுவில் T இணைப்பு, மேலே கைபிடிக் குழாய், கீழே துவாய். இதுவரை எல்லாருக்கும் ஒன்றுதான். பிரச்சினை தண்ணீர் வடிவதற்கு அடிக்குழாயில் போடும் ஓட்டைகளில். வீடியோக்களில் பாதிப் பேர் கால் அங்குல ஓட்டை போடச் சொல்கிறார்கள். போடாதீர்கள். கணக்குப் பாருங்கள்: குழாயின் உள்வாய்ப் பரப்பு ஏறத்தாழ 0.79 சதுர அங்குலம். அங்குலத்துக்கு ஒன்றாக 48 கால் அங்குல ஓட்டை போட்டால் அவற்றின் மொத்தப் பரப்பு 2.3 சதுர அங்குலத்தைத் தாண்டும். தண்ணீர் முனைவரை போகாமல் நடுவிலேயே கொட்டிவிடும். நடுவில் குளம், இரண்டு கரையிலும் வறட்சி. அதே 48 ஓட்டையை அரைக்கால் அங்குலத்தில் போட்டால் மொத்தம் 0.6 அளவில் நிற்கும். குழாய் எப்போதும் நிறைந்திருக்கும், முனைவரை ஒரே அளவில் வடியும். கைவசம் இருந்த பழைய துளைப்பானாலேயே இதைச் செய்யலாம், புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

துவாயிலும் ஒரு நுணுக்கம். மெல்லிய மைக்ரோஃபைபர் துணி நன்றாக இழுபடும், ஆனால் ஒரு கணம் நின்றால் ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். பாரமான பழைய குளியல் துவாய்தான் சரி. ஈரத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும், அதன் பாரமே தண்ணீரைத் தட்டையாக்கும். தண்ணீரை உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்துச் சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து எடுக்கிறேன். ஐஸ் அரங்குகளில் மேற்பரப்பை மட்டமாக்க ஓட்டும் சம்போனி வண்டிகளில் சுடுதண்ணீர் விடுவதும் இதற்காகத்தான்: சூடு ஐஸின் மேல்தோலைச் சற்று இளக்கி அதோடு ஒட்டும், கரைந்த காற்றும் குறைவாக இருப்பதால் உறைந்தது கண்ணாடி மாதிரி வரும். எங்கள் ரிங்கில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்றாலே 67 லீற்றர் வேண்டும் என்பதால் ஹீற்றர் களைத்துவிடுகிறது. அன்றைக்கு வீட்டில் யாரும் குளிக்க நினைக்கக்கூடாது. அம்மா இதை மன்னிக்கவில்லை.

சரி, இப்போது இந்த வெதுவெதுப்புக்கு வருவோம்.

மழை பெய்தால் ஐஸ் போய்விடும் என்பது பொதுவான பயம். உண்மையில் மழை செய்கிற சேதம் சொற்பம். 6 பாகையில் 15 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அதிலிருக்கும் சூட்டால் உருகுவது ஒரு மில்லிமீற்றர் சொச்சம் ஐஸ், அவ்வளவுதான். ஐஸ் உருக அவ்வளவு சக்தி வேண்டும்: ஒரு கிலோவை உருக்க 334 கிலோயூல். அந்தச் சக்தியால் அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகைக்குக் காய்ச்சிவிடலாம். சதுர மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் ஐஸை இழக்க 3000 கிலோயூலுக்கு மேல் போக வேண்டும். தடித்த ஐஸ் நாலு பகல் இளஞ்சூட்டுக்குப் போய்விடாது.

உண்மையான எதிரி ஈரக் காற்று. திங்கட்கிழமை பின்வளவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு புகார் (மூடுபனி) கிடந்தது. பார்க்க அழகு, ஆனால் அந்தப் புகார் என்றால் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து ஐஸின் மேல் ஒடுங்குகிறது என்று அர்த்தம். ஒடுங்கும் ஒவ்வொரு கிராம் ஆவியும் விடும் வெப்பம் ஏழு கிராமுக்கு மேல் ஐஸை உருக்கும். இதனால்தான் 6 பாகையில் உலர்ந்த காற்று வீசும் நாளில் ரிங்க் தாக்குப்பிடிக்கிறது, அதே 6 பாகையில் தெற்கிலிருந்து ஈரம் வந்தால் கண்ணெதிரே மெலிகிறது. ஆகவே வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். வானிலை அறிவிக்கும் சுற்றுச்சூழல் கனடாவின் பக்கத்தில் பனிநிலையும் (dew point, காற்றிலுள்ள ஆவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை) போடுவார்கள். அது பூச்சியத்துக்குக் கீழே என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். மேலே போனால் கவலைப்பட வேண்டியதுதான்.

பிறகு சருகு. மேப்பிள் இலையோ விதையோ ஒன்று கிடந்தாலும் கறுப்பு நிறம் வெயிலைக் குடித்து, தன் உருவத்துக்கே ஒரு குழி தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். நேற்று ஒரு இலையைத் தோண்டி எடுத்தேன். குழி அப்படியே இலையின் அச்சு, காம்புகூட. அதற்குள் ஈரப் பனியை விரலால் அழுத்தி, மேலே கொஞ்சம் தண்ணீர் சொட்டி விட்டிருக்கிறேன். தறப்பாளின் வெள்ளைப் பக்கம் மேலே வர வேண்டும் என்று எல்லோரும் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். நீலத் தறப்பாளில் போட்ட நண்பர் ஒருவரின் ரிங்க் கரையிலிருந்து கழன்று மிதக்கிறது, தட்டினால் டொக் டொக் என்கிறது.

இத்தனை புலம்பலுக்குப் பிறகும் இந்த இளக்கத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. வேலி மூலையில் நின்ற அந்த வரம்புகள் எல்லாம் போய்விட்டன. மேட்டைக் கரைத்துப் பள்ளத்தை நிரப்பும் வேலையை மழைத்தண்ணீர் ஒரே இரவில் செய்துவிட்டது. நீர்மட்டத்தை விட நல்ல மட்டக்கோல் எந்தக் கடையிலும் இல்லை. மைனஸ் 20இல் நான் சுடுதண்ணீரை இழுத்து இழுத்துச் செய்ய முயன்றதை 6 பாகை சும்மா செய்து தந்திருக்கிறது. தடிப்பில் ஒரு சென்ரிமீற்றர் போயிருக்கலாம், போகட்டும்.

வீட்டு நிலவரம் வேறு. காஸ் பில் குறையும். இரண்டு சோடிக் கையுறை போடாமல் வாசல் பெருக்கினேன். அம்மா பலநாளைக்குப் பிறகு நடந்தே தமிழ்க் கடைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்தார். நான் ஜன்னலால் ரிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டுவிட்டு, "தம்பி, ஊரெல்லாம் குளிர் விட்டதெண்டு சந்தோஷப்படுது. நீ மட்டும் ஏன் செத்தவீடு மாதிரி முகத்தை வைச்சிருக்கிறாய்?" என்றார். பதில் சொல்லவில்லை. அவருக்கு முழங்கால் நோ, எனக்கு ஐஸ். ஆனால் இரவில் மறுபடி பூச்சியத்துக்குக் கீழே போகும்போது வாசலில் உருகி ஓடிய தண்ணீரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஐஸாகிறது. உண்மையில் கடுங்குளிரை விட நடக்க ஆபத்தானது இந்த அரைகுறை நாட்கள்தான். உப்பை எறியத்தான் வேண்டும். உப்புப் பட்ட சப்பாத்தோடு யாரும் ரிங்க் பக்கம் வராதீர்கள் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வானொலியில் "இதமான வாரம்" என்று குதூகலமாகச் சொல்லும்போது எனக்கு ஒட்டாவா ஞாபகம் வரும். அங்கே றிடோ கால்வாயில் 7.8 கிலோமீற்றர் நீளத்துக்கு ஸ்கேற் பண்ணலாம், 1971இலிருந்து நடக்கிறது. 2022-23 குளிர்காலத்தில் ஐஸ் போதிய தடிப்புக்கு வராமல், அதன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. ரொறொன்ரோவில் நகரசபை ரிங்குகள் பெரும்பாலும் அடியில் குளிரூட்டும் குழாய் ஓடுகிறவை, ஆகவே தப்பிக்கின்றன. பின்வளவுக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. வோட்டர்லூவில் இருக்கும் வில்பிரிட் லோறியர் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் 2013இல் ரிங்க்வோச் என்று ஒன்று தொடங்கினார்கள். நம்மைப்போல வளவில் ரிங்க் போடுகிறவர்கள் எந்தெந்த நாள் ஸ்கேற் பண்ண முடிந்தது என்று பதிவார்கள், அதை வைத்துக் குளிர்காலம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். நானும் பதிகிறேன். இந்தக் கிழமைக்கு "முடியாது" என்று அழுத்தத்தான் மனம் வரவில்லை. ஹொக்கி வீரர் வெயின் கிறெட்ஸ்கி பிறான்ற்போர்டில் அப்பா போட்டுக்கொடுத்த பின்வளவு ரிங்கில் பழகியவர் என்பதை இந்த நாட்டில் எந்தப் பிள்ளையும் சொல்லும். இன்றைய ஜனவரிகளில் ஒரு பிள்ளைக்கு அத்தனை நாள் தொடர்ந்து ஐஸ் கிடைக்குமா என்பது என் சந்தேகம்.

இளகின பகல், உறைகிற இரவு என்று வந்தவுடன் மேப்பிள் பாகு காய்ச்சும் இன்னொரு ஆசையும் கிளம்புகிறது. வேலியோரம் எங்கள் பக்கம் ஒரு சீனி மேப்பிள் நிற்கிறது, அடிமரம் குறுக்காக 12 அங்குலத்துக்கு மேல். 10 அங்குலத்துக்குக் குறைந்த மரத்தில் கைவைக்கக்கூடாது. பகலில் பூச்சியத்துக்கு மேலும் இரவில் கீழும் போனால்தான் சாறு ஓடும், இங்கே அது வழமையாகப் பெப்ரவரி கடைசி, மார்ச். 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு. வீட்டுக்குள் காய்ச்சினால் சுவர்க் காகிதம் உரிந்துவிடும் என்பதால் வெளியில் காஸ் அடுப்பு வைக்க வேண்டும். மரத்தில் செருகும் பிளாஸ்ரிக் குழல்களுக்குச் சொல்லிவிட்டேன். ரிங்க் முடியவில்லை, அதற்குள் இது.

சரி, ரிங்க். வியாழன் இரவு மைனஸ் 9 என்கிறார்கள். இப்போது ஐஸின் மேல் இரண்டு சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கிறது. அப்படியே விட்டால் மேலே தோல் பிடித்து நடுவில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். மைனஸ் 10இல்கூட ஒரு சென்ரிமீற்றர் உறைய ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும், ஒரு இரவு போதாது. ஆகவே பேஸ்மன்ற் பம்பை வைத்துப் பாதியை வேலிப்பக்கம் இறைக்கப் போகிறேன். அதற்குள் சேற்றுப் பனி கொட்டினால் எல்லாம் சாம்பல் நிற ஓட்டை ஐஸாகிவிடும், கொட்டக்கூடாது. வெள்ளி காலையில் ஐஸ் இறுகியிருந்தால் மெல்லிய ஒரு சுடுதண்ணீர்ப் பூச்சு, அதுவும் அம்மா குளித்த பிறகு.

கடைசியாக ஒரு உதவி. வீட்டுப் பக்கத்துத் தறப்பாளில் கத்தி பட்டதுபோல் ஒரு கிழிசல் தெரிகிறது. ஈரத்தில் ஒட்டுப்பட்டி நிற்காது, வசந்தத்தில்தான் பார்க்கலாம். வாங்கிய கடையில் கேட்டால் "அது சரியாக விரிக்காததால்" என்று கையை விரித்துவிட்டார்கள், ரசீதையே பார்க்கவில்லை. அடுத்த வருடத்துக்கு 24 அடி அகலத்தில், பொருத்து இல்லாத ஒரே துண்டாய், வெள்ளைத் தறப்பாள் நியாயமான விலைக்கு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மார்க்கம் ரோட்டுக் கடையைச் சொல்லாதீர்கள், அங்கே நீலம்தான் வைத்திருக்கிறார்கள்.