எல்பிஐசி-1 எழுதுகிறீர்களா? கெஸ்ட் அடிஷன்ஸைக் கையால் நிறுவுங்கள்

லினக்ஸ் நிர்வாகத்துக்கான எல்பிஐசி-1 சான்றிதழுக்கு இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிடம். 800க்கு 500 எடுத்தால் தேர்ச்சி. முதல் தாளின் பாடத்திட்டத்தில் 102.6 என்று ஒரு பகுதி உண்டு. விர்ச்சுவல் மெஷினுக்குள் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) ஓடும் லினக்ஸைப் பற்றியது. அதன் எடை 1, அதாவது ஏறக்குறைய ஒரே ஒரு கேள்வி. படிக்கத் தொடங்கியபோது இதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். இப்போது யார் கேட்டாலும் இங்கிருந்தே தொடங்கச் சொல்கிறேன். அந்த ஒரு கேள்வியை நம்பிப் போனவனுக்கு 104.3 (மவுண்ட்), 102.4 (டெபியன் பேக்கேஜ்கள்), 102.2 (பூட் மேனேஜர்) என்று வேறு பகுதிகள் வழியிலேயே படிந்துவிட்டன.

மடிக்கணினியில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் டெபியன் என்ற லினக்ஸ் வகை. இதுதான் என் பயிற்சிக்கூடம். நிறுவி முடித்ததும் திரை சின்னதாக நின்றது. வெளியே நகலெடுத்ததை உள்ளே ஒட்ட முடியவில்லை. குறிப்புக் கோப்புகளை உள்ளே கொண்டுவரவும் வழியில்லை. மூன்றுக்கும் மருந்து கெஸ்ட் அடிஷன்ஸ், அதாவது உள்ளே ஓடும் லினக்ஸில் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள். தொடங்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்து வைத்தேன். நீங்களும் எடுங்கள், திரும்பத் திரும்பச் செய்து பார்க்க அது வேண்டும்.

கெஸ்ட் அடிஷன்ஸ் ஒரு சிடி இமேஜாக வரும். அதை மவுண்ட் செய்து (ஃபைல் சிஸ்டத்தில் இணைத்து), உள்ளே இருந்த ரன் கோப்பை ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள பயனராக) இயக்கினேன். அனுமதி இல்லை என்றது. ரூட்டுக்கே அனுமதி இல்லையா என்று வெகுநேரம் திகைத்தேன். விடை, எதை எங்கே எப்படி மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருந்தது. டெபியனில் சிடிக்கான வரியில் 'யூசர்' என்ற ஆப்ஷன் போட்டிருக்கும். அந்த ஒரு சொல் நோஎக்ஸெக், நோசூயிட், நோடெவ் மூன்றையும் கூடவே கூட்டி வருகிறது. நோஎக்ஸெக் இருக்கும் இடத்திலிருந்து ரூட்டாலும் நேரடியாக நிரலை இயக்க முடியாது. கட்டளைக்கு முன்னால் 'எஸ்எச்' சேர்த்தேன், ஓடியது. ஏனென்றால் இப்போது இயங்குவது ஷெல், அது சிடியில் உள்ள கோப்பை வாசிக்க மட்டும் செய்கிறது. மவுண்ட் பற்றிய 104.3 பகுதிக்கு எடை 3. மேன் பக்கத்தில் நாலு முறை படித்தும் நிற்காத ஆப்ஷன்கள் அன்று நின்றன.

அடுத்து, கர்னல் ஹெடர்கள் (லினக்ஸின் மையமான கர்னலுக்கு நிரல் கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இல்லை என்று நின்றது. கெஸ்ட் அடிஷன்ஸ் தன் மாட்யூல்களை (கர்னலோடு சேரும் துண்டு நிரல்களை) உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்கிறது. அதற்கு ஜிசிசி, மேக் என்ற கம்பைல் கருவிகளோடு, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் அதே பதிப்புக்கான ஹெடரும் வேண்டும். 'அதே பதிப்பு' என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். யூநேம் கட்டளை ஒரு எண்ணைச் சொல்லும், ரெப்போவில் (பேக்கேஜ் கிடங்கில்) அதைவிடப் புதிய எண்ணுக்கான ஹெடர் இருக்கும். முதலில் கணினி முழுவதையும் அப்டேட் செய்து, ரீபூட் செய்து, புதிய கர்னலில் நுழைந்த பிறகு ஹெடரை நிறுவுங்கள். ராக்கி லினக்ஸிலும் இதே வரிசைதான், அங்கே பேக்கேஜின் பெயர் கர்னல்-டெவெல். இரண்டிலும் செய்து பாருங்கள். இரண்டு வகைப் பேக்கேஜ் நிர்வாகமும் தேர்வில் உண்டு.

ஏற்றப்பட்ட மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில் விபாக்ஸ்கெஸ்ட் என்ற மாட்யூல் தெரிகிறது என்பதால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். லினக்ஸ் 4.16 முதல் அந்த மாட்யூல் கர்னலின் மூல நிரலிலேயே இருக்கிறது. மாட்இன்ஃபோ கொடுத்தால் எந்தப் பாதையிலிருந்து எந்தப் பதிப்பு வருகிறது என்று காட்டும்.

நான் அதிகம் கற்றது ஷேர்டு ஃபோல்டரில், அதாவது மடிக்கணினியும் விர்ச்சுவல் மெஷினும் பகிரும் ஃபோல்டரில். மீடியாவுக்குக் கீழே ஃபோல்டர் வந்துவிட்டது, திறந்தால் அனுமதி இல்லை. அது விபாக்ஸ்எஸ்எஃப் குழுவுக்குச் சொந்தம், என் பயனர் அந்தக் குழுவில் இல்லை. யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டுக் குழுவில் சேர்த்தேன். வெளியேறி மறுபடி நுழைந்ததும் ஃபோல்டர் திறந்தது. ஆனால் ரூட் உரிமை தரும் சூடோ வேலை செய்யவில்லை! சின்ன ஏ சேர்க்காமல் பெரிய ஜி கொடுத்தால் பழைய துணைக் குழுக்கள் எல்லாம் போய், புதியது மட்டும் நிற்கும். நிறுவும்போது ரூட்டுக்குக் கடவுச்சொல்லும் வைக்கவில்லை, ஆகவே ரெக்கவரி மோடும் உள்ளே விடவில்லை. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்தேன். கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் கர்னல் வரியைத் திருத்தி, இனிட்டாக (முதலில் இயங்கும் நிரலாக) பாஷ் ஷெல்லைக் கொடுத்து நுழைந்து, ரூட் ஃபைல் சிஸ்டத்தை எழுதும்படி ரீமவுண்ட் செய்து, என்னை மறுபடி சூடோ குழுவில் சேர்த்தேன். அந்த மாலை இரண்டு மணி நேரம் போனது. பூட் பாடத்தை அதன்பின் நான் திருப்பிப் படிக்கவே தேவைப்படவில்லை.

102.6 பகுதியிலேயே குளோனிங்கும், அதாவது மெஷினை அப்படியே நகலெடுப்பதும் வருகிறது. நிறுவி முடித்த மெஷினை ஒரு குளோன் எடுத்து இரண்டையும் ஓட விடுங்கள். இரண்டிலும் மெஷின்-ஐடியும் (கணினியின் தனி அடையாள எண்) எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீகளும் (தொலைவிலிருந்து நுழைவோருக்குக் கணினியை அடையாளம் காட்டும் சாவிகள்) ஒன்றாகவே இருக்கும். உபுண்டு சர்வரில் மேக் முகவரி மாறியிருந்தாலும் இரண்டும் ஒரே ஐபி வாங்கி அடித்துக்கொள்வதுண்டு, அங்கே ஐபி கேட்கும்போது காட்டும் டிஎச்சிபி அடையாளம் மெஷின்-ஐடியிலிருந்து பிறக்கிறது. குளோனில் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கி ரீபூட் செய்யுங்கள், எஸ்எஸ்எச் கீகளை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் விஎம்வேர் என்றால் ஓபன்-விஎம்-டூல்ஸ், கேவிஎம் என்றால் க்யூஎமு கெஸ்ட் ஏஜென்ட். இரண்டும் ரெப்போவிலேயே கிடைக்கும், நிமிடத்தில் முடிந்துவிடும். பெயரும் வேலையும் தெரிந்தால் போதும்.

கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வுக்கு உட்காருகிறோம், அதனால் அவற்றைக் கேட்காதீர்கள். கோடிட்ட இடத்தில் கட்டளையையோ பாதையையோ நாமே தட்டச்சு செய்யும் வகைக் கேள்விகள் உண்டு, அங்கே நான்கு விடைகளைப் பார்த்து ஊகிக்க இடமில்லை. ஆகவே ஷேர்டு கிளிப்போர்டு வந்த பிறகும் பயிற்சியின்போது அதை அணைத்து வையுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி இன்னும் இரண்டு முறை நிறுவுங்கள். மூன்றாம் முறை குறிப்பு எதையும் பார்க்காமல்.